பூட்டு உங்களுடையது, சாவி யார் கையில்?

கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்குகிறீர்கள். கடைக்காரர் பூட்டைக் கொடுக்கிறார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார்.

சும்மா இருப்பீர்களா?

"சாவி எங்கே?" என்று கேட்பீர்கள். கொடுக்காவிட்டால் சண்டையே போடுவீர்கள்!

ஆனால், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துப் புது செல்போன் வாங்குகிறவர்களில் பலர், அதன் சாவியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். விட்டுவிட்டு வந்தது கூட அவர்களுக்குத் தெரிவது இல்லை.

செல்போனுக்குச் சாவி உண்டா?

உண்டு. ஒன்று அல்ல, நான்கு!

அந்தச் சாவிகளைச் செல்போனுக்குச் சொந்தக்காரர்தான் செய்ய வேண்டும். அவர் கையில்தான் அவை இருக்க வேண்டும். வேறு யார் செய்து வைத்திருந்தாலும், பணம் கொடுத்து வாங்கிய செல்போன் இரவல் செல்போன் ஆகிவிடும்.

ஐந்து நிமிட வேலை

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மாள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார். கணவருக்குப் பெங்களூருவில் கட்டிட வேலை. வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அந்த அம்மாள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தார். தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு செல்போன் வாங்கினார்.

கடையில் இருந்த பையன், "அக்கா, மெயில் ஐ.டி. இருக்கா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது, தம்பி. நீயே பார்த்துப் போட்டுக் கொடு" என்றார் அந்த அம்மாள்.

பையன் நல்லவன். உதவி செய்யத்தான் நினைத்தான். கடை எண்ணைக் கொடுத்து ஒரு கணக்கைத் திறந்தான். ஏதோ ஒரு பாஸ்வேர்டு போட்டான். எல்லாம் ஐந்தே நிமிடம்! சாயங்காலத்துக்குள் அந்தப் பாஸ்வேர்டை அவனே மறந்துவிட்டான்.

எட்டு மாதம் போனது. ஒருநாள் சின்ன மகன் விளையாட்டாகச் செல்போன் பூட்டை மாற்றிவிட்டான். என்ன போட்டான் என்பது அவனுக்கே நினைவு இல்லை.

அந்த அம்மாள் பழுது பார்க்கும் கடைக்கு ஓடினார். செல்போனில் இருந்ததை எல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்கினார்கள். மகளின் காதுகுத்துப் படங்கள் போயின. சொந்தக்காரர்களின் எண்கள் போயின.

அப்படியும் செல்போன் திறக்கவில்லை!

"இந்தச் செல்போனில் முன்பு இருந்த கணக்கைக் காட்டு" என்று அது கேட்டது.

அந்தக் கணக்கு யாருக்குத் தெரியும்? கடைப் பையனோ வேலையை விட்டு ஓசூருக்குப் போய்விட்டான்.

இந்த அம்மாள் கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட செல்போன்கள் கற்பனை அல்ல. பழுது பார்க்கும் கடைகளின் மேஜை இழுப்பறைகளைக் கேட்டால் அவை சொல்லும்!

செல்போன் செய்தது தவறா?

இல்லை. அது தன் கடமையைத்தான் செய்தது.

ஒரு காலத்தில் செல்போனைத் திருடுவது லாபமான தொழிலாக இருந்தது. திருடன் அதில் இருப்பதை எல்லாம் அழிப்பான். புது செல்போன்போல் ஆக்கி விற்றுவிடுவான்.

இதற்கு முடிவு கட்டத்தான் இந்தப் பூட்டு வந்தது. 2013-ம் ஆண்டு ஆப்பிள் கம்பெனி தன் ஐபோன்களில் இதைக் கொண்டுவந்தது. 2015-ல் கூகுளின் ஆண்ட்ராய்டு செல்போன்களுக்கும் வந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் 2014-ல் சட்டமே இயற்றின. திருடு போனால் செயல் இழக்கச் செய்யும் வசதி செல்போனில் இருக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டம்.

ஆகவே, இது நல்ல பூட்டு. திருடனை விரட்டும் பூட்டு.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. சொந்தக்காரரின் முகம் அதற்குத் தெரியாது. பணம் கொடுத்தவர் யார் என்பதும் தெரியாது. பழைய பூட்டு எண் அல்லது கணக்கு, இரண்டில் ஒன்றைச் சொல்கிறவர்தான் சொந்தக்காரர். சொல்லாதவர் திருடன்!

சாவி தெரியாத சொந்தக்காரரையும் அது திருடன் பட்டியலில்தான் சேர்க்கும்.

நான்கு சாவிகள்

எவை அந்த நான்கு சாவிகள்?

முதல் சாவி, திரைப் பூட்டு. செல்போனைக் கையில் எடுத்ததும் கேட்கும் எண் இது. வீட்டின் வாசல் கதவு மாதிரி.

இரண்டாவது சாவி, கணக்கு. ஆண்ட்ராய்டு செல்போனாக இருந்தால் கூகுள் கணக்கு. ஐபோனாக இருந்தால் ஆப்பிள் கணக்கு. இது வீட்டுப் பத்திரம் மாதிரி. வீடு யாருடையது என்று சொல்வது இதுதான்.

மூன்றாவது சாவி, சிம் கார்டு. பாங்கியில் இருந்தும் அரசு அலுவலகத்தில் இருந்தும் வரும் ரகசிய எண் இந்த எண்ணுக்குத்தான் வரும். அதைத்தான் ஓ.டி.பி. என்கிறார்கள். சிம் கார்டு, வீட்டுத் தபால் பெட்டி மாதிரி.

நான்காவது சாவி, பணம் அனுப்பும்போது போடும் யு.பி.ஐ. எண். இது 4 இலக்கமாகவோ 6 இலக்கமாகவோ இருக்கும். இது சுருக்குப் பையின் கயிறு!

வாசல் கதவு உங்களுடையது. பத்திரம் கடைக்காரர் பெயரில். தபால் பெட்டி கணவர் பெயரில். சுருக்குப் பைக் கயிறு மகன் கையில். இப்படி இருந்தால், அது யாருடைய வீடு?

பெங்களூருக்குப் போகும் ரகசிய எண்

கணவரின் எண்ணைக் கொடுத்துக் கணக்கு திறப்பது பல வீடுகளில் வழக்கம். அதில் என்ன தவறு என்று கேட்கலாம்.

கணவர் பெங்களூருவில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறார். மனைவி தர்மபுரியில் பாங்கி வாசலில் நிற்கிறார். ரகசிய எண் பெங்களூருக்குப் போகிறது! அவர் எப்போது செல்போனைப் பார்ப்பது? எப்போது சொல்வது?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் ஒருநாள் செத்துப்போகும். குறைந்தது 90 நாள் கழித்து அந்த எண் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படலாம். 2023-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சொன்ன தகவல் இது.

அதாவது, பழைய எண்ணைக் கணக்கில் வைத்துவிட்டு மறந்தால், உங்கள் தபால் பெட்டியின் சாவி முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும். எண்ணை மாற்றினால் பாங்கியிலும் மாற்ற வேண்டும். கணக்கிலும் மாற்ற வேண்டும்.

அடுத்தவர் கணக்கில் உங்கள் வீடு

கடைக்காரரின் கணக்கோ, தெரிந்தவரின் கணக்கோ செல்போனில் இருந்தால் வேறு என்ன நடக்கும்?

நீங்கள் சேர்த்துவைக்கும் தொலைபேசி எண்கள் அந்தக் கணக்குக்குப் போய்ச் சேரலாம். எடுக்கும் படங்களும் போகலாம். செல்போன் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கணக்குக்காரர் எங்கோ உட்கார்ந்துகொண்டு பார்க்கலாம். தொலைவில் இருந்தே செல்போனில் உள்ளதை அழித்துவிடவும் முடியும்.

வயதுக்கு வந்த பெண்கள் இருக்கும் வீடு. குடும்பப் படங்கள் இருக்கும் செல்போன். அதன் பத்திரத்தை ஊர் பேர் தெரியாதவரிடம் கொடுக்கலாமா?

கடைக்காரர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால், கடைக்காரர் யோக்கியர் என்பதற்காக யாரும் வீட்டுச் சாவியை அவரிடம் விட்டுவைப்பது இல்லை.

தர்மபுரிப் பெண்களுக்குப் புதிதா?

தர்மபுரி, சேலத்தில் இருந்து பிரிந்து 2-10-1965 அன்று தனி மாவட்டம் ஆனது. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் இதுதான். மாநிலம் முழுவதிலும் 100-க்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தர்மபுரியில் 68 பேர்தான்.

"இப்படிப்பட்ட ஊரில் போய்ப் பாஸ்வேர்டு, கணக்கு என்றெல்லாம் பேசினால் யாருக்குப் புரியும்?" என்று சிலர் சொல்வார்கள்.

அவர்கள் தர்மபுரியின் இன்னொரு கதையை மறந்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதலில் வேர் விட்டது இந்த மாவட்டத்தில்தான். ஆண்டு 1989. ரோம் நகரில் உள்ள சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் அது தொடங்கியது. வரப்பிலும் சந்தையிலும் உழைத்த பெண்கள் ஒன்று சேர்ந்தார்கள். சிறுசேமிப்பு போட்டார்கள். கணக்கு நோட்டு எழுதினார்கள். கைநாட்டு வைத்த விரல்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டன. பாங்கிப் படியையே மிதிக்காதவர்கள் பாங்கிப் புத்தகத்துடன் போய் நின்றார்கள்.

அப்போதும், "இவர்களுக்கு இது முடியுமா?" என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். முடிந்தது! இன்று சுய உதவிக் குழு இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அந்த நினைவோடுதான், மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதிவு செய்யும் முகாமை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் இதே மாவட்டத்தில் உள்ள தொப்பூரில் 24-7-2023 அன்று தொடங்கிவைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி காஞ்சீபுரத்தில் திட்டம் தொடங்கியது. மாதம் ரூ.1,000. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு.

பணம் போடுவதற்கு முன்பு, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு ரூபாய் வந்து சேர்ந்த செய்தி, செல்போனில்தான் வந்தது.

இதை யோசித்துப் பாருங்கள். பணம் பெண்ணின் பெயரில் வருகிறது. பாங்கிக் கணக்கு பெண்ணின் பெயரில் இருக்கிறது. ஆனால், பணம் வந்த செய்தி யார் செல்போனுக்குப் போகிறது? அந்தச் செல்போனைத் திறக்கும் எண் யாருக்குத் தெரியும்?

1989-ல் கையெழுத்து எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இன்று பாஸ்வேர்டு. இது இந்தக் காலத்துக் கையெழுத்து. ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் அது கள்ளக் கையெழுத்து. பாஸ்வேர்டுக்கும் அதே நியாயம்தான்!

படித்தவர்களும் தவறினார்கள்

பாஸ்வேர்டு என்பது நேற்று வந்தது அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியில், 1960-களின் தொடக்கத்தில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் பார்க்கக்கூடாது. அதற்காக ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். பெர்னாண்டோ கார்பட்டோ என்ற விஞ்ஞானி அந்தக் குழுவின் தலைவர்.

சில ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு தவறினால், கம்ப்யூட்டரைத் திறந்த ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய ரகசியச் சொல்லும் வரிசையாகக் காட்டப்பட்டது!

உலகத்தின் மேதைகள் கூடிய இடத்திலேயே சாவி தவறியது. தர்மபுரியில் ஓர் அம்மாள் முதல் நாள் தடுமாறினால் வெட்கப்பட என்ன இருக்கிறது? கேட்டுக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதுதான் தவறு.

முதல் நாள் என்ன செய்வது?

புது செல்போன் வாங்கும் நாளில் அவசரம் கூடாது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்போது செல்போன் வாங்கப் போகக்கூடாது. ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். செல்போன் முதலில் மொழியைக் கேட்கும். தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு அது கேட்கும் கேள்விகள் எல்லாம் தமிழிலேயே வரும். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

அடுத்து, கணக்கு. உங்களுக்குக் கணக்கு இல்லை என்றால் புதிதாகத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர், உங்கள் பிறந்த தேதி, உங்கள் செல்போன் எண். மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும்.

பாஸ்வேர்டு கேட்கும்போது செல்போனை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை நீங்களே போட வேண்டும்.

இங்கே ஒரு குறை உண்டு. செல்போனில் தமிழ் உண்டு. ஆனால் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்தில் போட முடியாது. ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும்தான் ஏற்கும். குறைந்தது 8 எழுத்து வேண்டும். இத்தனை கோடித் தமிழர்கள் பயன்படுத்தும் செல்போனில், தாய்மொழியில் ஒரு சாவி செய்ய முடியவில்லை என்பது நியாயம் அல்ல. இதைக் கம்பெனிகள் மாற்ற வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? வீட்டிலேயே, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை உடன் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் சில எண்களைச் சேருங்கள். பெயர், பிறந்த ஆண்டு, செல்போன் எண் ஆகியவை வேண்டாம். அவற்றை யாரும் ஊகித்துவிடுவார்கள்.

அடுத்து, திரைப் பூட்டு. 1234 என்று போடாதீர்கள். திருடன் முதலில் போட்டுப் பார்ப்பது அதைத்தான். 4 இலக்க எண்ணில் 10 ஆயிரம் விதம் உண்டு. 6 இலக்க எண்ணில் 10 லட்சம் விதம் உண்டு. 6 இலக்கமே நல்லது.

விரல் ரேகையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால், காட்டு வேலை செய்து ரேகை தேய்ந்த விரலைச் செல்போன் சில நேரம் ஏற்காது. செல்போனை அணைத்துப் போட்டாலும் அது எண்ணைத்தான் கேட்கும். ஆகவே, எண்ணை மறக்கக்கூடாது.

எங்கே எழுதி வைப்பது?

"பாஸ்வேர்டை எழுதி வைக்கக்கூடாது" என்று சிலர் சொல்கிறார்கள்.

பத்து வேலைகளுக்கு நடுவில் இருக்கும் குடும்பப் பெண்ணிடம் இதைச் சொல்வது சரி அல்ல. எழுதி வைக்காதே என்றால், ஒன்று அவர் மறப்பார். இல்லாவிட்டால் 1234 என்று போடுவார்.

எழுதி வையுங்கள். ஆனால், இடம் தெரிந்து வையுங்கள்!

செல்போன் கவருக்குள் வைக்காதீர்கள். செல்போன் போனால் அதுவும் சேர்ந்து போகும். பாங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு, நிலப் பத்திரம் இருக்கும் டிரங்குப் பெட்டியில் வையுங்கள். செல்போன் வாங்கிய பில்லும் அதே இடத்தில் இருக்கட்டும்.

செல்போனில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க எண் ஒன்று வரும். அது செல்போனின் பிறவி எண். அதையும் அந்தத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

யு.பி.ஐ. எண்ணையும் ஏ.டி.எம். எண்ணையும் மட்டும் எழுதக்கூடாது. அவை மனசில் இருக்கட்டும்.

நம்பிக்கையான ஒருவரின் மெயிலை உதவிக் கணக்காகச் சேர்க்கலாம். கதவு தாழ்ப்பாள் விழுந்துவிட்டால் பின்வாசல் வழியாகப் போவது மாதிரி, அது பின்னால் உதவும். அந்த ஒருவர் யார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கடைப் பையன் அல்ல.

கணக்குக்கு இரட்டைப் பூட்டும் போடலாம். அப்போது பாஸ்வேர்டு தெரிந்த திருடனும் உள்ளே வர முடியாது. இரட்டைப் பூட்டுப் போட்டவர்கள் கேட்டால், கூகுள் 10 அவசர எண்களைக் கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் பயன்படும். செல்போன் தொலைந்த நாளில் அந்தத் தாள் தங்கத்துக்குச் சமம்!

ஏற்கனவே வாங்கியவர்கள்

"எங்கள் வீட்டில் செல்போன் வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டதே!" என்கிறீர்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். செல்போனை எடுங்கள். 'அமைப்புகள்' என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே கூகுள் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

உங்கள் பெயர் என்றால், பாஸ்வேர்டு தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால், செல்போன் நல்ல நிலையில் திறந்திருக்கும் இப்போதே மாற்றுங்கள்.

வேறு பெயர் என்றால், உங்களுக்கு ஒரு கணக்கைத் திறந்து சேருங்கள். படங்களையும் எண்களையும் அதற்கு மாற்றுங்கள். அதன் பிறகு அந்நியக் கணக்கை நீக்குங்கள்.

பழைய செல்போனை விற்பவர்கள் முதலில் தங்கள் கணக்கை நீக்க வேண்டும். பிறகுதான் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். பழைய செல்போனை வாங்குகிறவர்கள், அது உங்கள் கணக்கில் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள். திறக்காத செல்போன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

செல்போன் தொலைந்தால் உடனே சிம் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். அந்தப் புகாரையும் 15 இலக்க எண்ணையும் கொண்டு, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' மூலம் அந்தச் செல்போனையே முடக்கலாம். பணம் பறிபோனால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பணம் அனுப்பத்தான் யு.பி.ஐ. எண் வேண்டும். பணம் வாங்குவதற்கு எந்த எண்ணும் வேண்டாம். "உதவித் தொகை வந்திருக்கிறது, எண்ணைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அவர் திருடர்!

மற்றவர்கள் கடமை

எல்லாச் சுமையையும் வாங்குகிறவர் தலையிலேயே ஏற்றுவது முறை அல்ல.

செல்போன் விற்கும் கடைக்காரர்கள் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்க வேண்டும். கடைக் கணக்கைப் போட்டு அனுப்புவதை நிறுத்த வேண்டும். வாங்குகிறவர் தன் கையால் பாஸ்வேர்டு போடும் வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். கண்ணாடி ஒட்டிக் கொடுக்கிறார்கள். கவர் மாட்டிக் கொடுக்கிறார்கள். இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகமாட்டார்.

சுய உதவிக் குழுக் கூட்டங்களில் ஒரு நாள், ஒரு மணி நேரம், இதற்காக ஒதுக்கலாம். கையெழுத்துக் கற்றுக்கொடுத்த அதே குழு, இந்தப் புதுக் கையெழுத்தையும் கற்றுக்கொடுக்கட்டும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லட்டும். யார் பாஸ்வேர்டையும் யாரும் பார்க்க வேண்டாம். போடும் முறையைக் காட்டினால் போதும்.

பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. "அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கொடு, நானே செய்கிறேன்" என்று செல்போனைப் பிடுங்குவது எளிது. பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் விரலாலேயே செய்யவைப்பது கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்கிற பிள்ளைதான் உண்மையில் உதவுகிற பிள்ளை.

கணவர்களுக்கும் சொல்ல வேண்டும். மனைவியின் செல்போன் சாவி மனைவியிடம் இருப்பது சந்தேகத்துக்கு உரிய காரியம் அல்ல. அவசரத்துக்கு நீங்கள் ஊரில் இல்லாதபோது, குடும்பம் நிற்காமல் நடக்க அதுதான் வழி.

பொறுமை வேண்டும்

செல்போன் இன்று வெறும் பேசும் கருவி அல்ல. சம்பளம் அதில் தெரிகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செய்தி அதில் வருகிறது. இறந்துபோன தாயின் குரலும், பிறந்த பேரனின் முதல் சிரிப்பும் அதில்தான் இருக்கின்றன.

அவ்வளவையும் பூட்டிவைக்கும் சாவியை ஐந்து நிமிட அவசரத்தில் அடுத்தவர் கையில் கொடுக்கலாமா?

முதல் நாள் ஒரு மணி நேரப் பொறுமை. டிரங்குப் பெட்டியில் ஒரு துண்டுத் தாள். இவை இரண்டும் போதும்.

அடுத்த முறை கடைப் பையன், "நானே போட்டுத் தரட்டுமா, அக்கா?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்:

"வேண்டாம், தம்பி. எப்படிப் போடுவது என்று மட்டும் சொல். நானே போட்டுக்கொள்கிறேன்!"